மடக்குக் கத்திக்கு ஏற்ற எவர்சில்வர் எது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் தோட்டக்கால் வைத்திருக்கும் விவசாயிகள் பலரிடம் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது, பூச்செடிகளைக் கவாத்துச் செய்வது, தர்பூசணியைக் காம்போடு அறுப்பது, சொட்டுநீர்க் குழாயை நறுக்குவது, உர மூட்டையின் தையலைப் பிரிப்பது என்று பல வேலைகளுக்கு இந்த ஒரு கத்திதான் உதவுகிறது. விதை வாங்கும்போது நாலு பேரை விசாரிக்கும் விவசாயி, கத்தி வாங்கும்போது பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார். இது சரியல்ல.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கிறது. இரவு துடைக்காமல் வைத்த கத்தி காலையில் செம்பழுப்பாகி இருக்கும். இதற்குப் பயந்து எவர்சில்வர் கத்தி வாங்கினால், பத்துக் குச்சி சீவுவதற்குள் மழுங்கிவிடுகிறது. "துருப்பிடிக்கிற கத்தியில் கூர் நிற்கிறது, துருப்பிடிக்காத கத்தியில் கூர் நிற்கவில்லை" என்பது இப்பகுதி விவசாயிகளின் பொதுவான குறை. இந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் இரண்டு குணமும் ஓரளவு சேர்ந்த எஃகும் உண்டு. அதை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது.

மழுங்கிய கத்தியால் வரும் நஷ்டம்

மாவில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும்போது, வேர்ச்செடியின் நுனியை வெட்டி, தண்டின் நடுவே 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். தாய் மரத்துக் குச்சியின் அடிப்பாகத்தை அதே நீளத்துக்கு ஆப்பு வடிவில் இரு புறமும் சீவ வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள பச்சைத் திசு இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒட்டு சேரும். சீவிய பரப்பு ஒரே இழுப்பில் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி சீவுவதில்லை. அது திசுவை நசுக்கி, நாரைக் கிழிக்கிறது. நசுங்கிய திசு கறுத்து அழுகும். இடையில் காற்றும் நீரும் புகும். அப்படிப்பட்ட ஒட்டு பச்சையாக இருப்பதுபோல் சில நாள் காட்டிவிட்டுப் பட்டுப்போகும்.

நூறு ஒட்டுக் கட்டுபவருக்கு இருபது ஒட்டு கூடுதலாகப் பட்டுப்போனால், அந்த இருபது வேர்ச்செடிகளை வளர்த்த உழைப்பும், தாய்க் குச்சியும், அந்தப் பருவமும் வீணாகும். ஒரு நல்ல கத்தியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலும் மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையையும் பதம் பார்க்கும்.

எவர்சில்வர் என்பது ஒரே உலோகம் அல்ல

வெள்ளி போல் என்றும் பளபளப்பாக இருப்பதால் துருப்பிடிக்காத எஃகுக்கு நம் ஊரில் எவர்சில்வர் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இந்த ஒரு பெயருக்குள் பல வகை உலோகங்கள் அடங்கியிருக்கின்றன. சோற்றுப் பானையும் சவரப் பிளேடும் எவர்சில்வர்தான். இரண்டின் குணமும் வேறு.

முதல் வகை, பாத்திர எவர்சில்வர். இதில் 304 என்ற எண் கொண்டதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகு விலை மலிவானது. பாத்திரங்களுக்கு அதுவும் பயன்படுகிறது. இவற்றில் கரிச்சத்து மிகக் குறைவு. எவ்வளவு காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் இவை கடினமாகா. இந்தத் தகட்டில் செய்த கத்திக்குத் துரு அபாயம் குறைவு, கூரும் நிற்காது.

இரண்டாவது வகை, 430 என்ற எண் கொண்டது. நிக்கல் இல்லாமல் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் கொண்ட இது காந்தத்தில் ஒட்டும். ஆனால் இதையும் காய்ச்சிக் கடினமாக்க இயலாது. கரண்டி, தட்டு, அலங்காரத் தகடு ஆகியவற்றுக்கு ஏற்றது. கத்திக்கு ஏற்றதல்ல.

மூன்றாவது வகைதான் கத்தி எஃகு. இதில் குரோமியத்துடன் போதிய கரிச்சத்தும் இருக்கும். இதைக் காய்ச்சிக் குளிரவைத்தால் கடினமாகும். அறுவை சிகிச்சைக் கத்தியும் சவரப் பிளேடும் இந்த வகையைச் சேர்ந்தவை.

சேலம் உருக்காலையில் 1981-ல் எவர்சில்வர் தகடு உற்பத்தி தொடங்கிய பிறகு இந்த உலோகம் நம் மாநிலத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கும் தகடு பெரும்பாலும் பாத்திரத் தகடு. அதை வாங்கிக் கத்தி செய்யச் சொன்னால் பழுது பட்டறைக்காரர் மீது இல்லை, தகட்டின் மீதே.

கரியும் குரோமியமும்

எஃகுக்குக் கடினத்தைக் கொடுப்பது கரி. துருவைத் தடுப்பது குரோமியம். எஃகில் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை மேலே உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாக மீண்டும் உருவாகும். இதுவே துருப்பிடிக்காததன் இரகசியம்.

உப்பு இந்தப் படலத்தின் எதிரி. உப்பில் உள்ள குளோரைடு படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தியதுபோல் சிறு குழிகளை உண்டாக்கும். கடற்காற்று மட்டுமல்ல, நம் வியர்வையும் உப்புதான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரி அதிகமானால் அது குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கடினமான துகள்களாக மாற்றிவிடும். அப்படிச் சிக்கிய குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. ஆகவே கரியைக் கூட்டினால் கூர் நிற்கும், ஆனால் துரு எதிர்ப்பு குறையும். கரியைக் குறைத்தால் துரு எதிர்ப்பு கூடும், ஆனால் கூர் நிற்காது. சிறிதும் துருப்பிடிக்காமலும், கூர் மழுங்காமலும் இருக்கும் கத்தி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

எந்த வகை ஏற்றது?

கத்தி எஃகில் விவசாயிகள் கேள்விப்படக்கூடிய வகைகள் இவை:

410: கரி 0.15 சதவீதத்துக்கு உட்பட்டது. குரோமியம் சுமார் 12 சதவீதம். போல்ட், நட்டு போன்றவற்றுக்குப் போதும். மெல்லிய கூர் நிற்காது.

420: கரி பொதுவாக 0.3 முதல் 0.4 சதவீதம், குரோமியம் 12 முதல் 14 சதவீதம். துருவை நன்றாகத் தாங்கும். சாக்கு, குழாய், காய்கறி அறுக்கப் போதுமானது. அடிக்கடி தீட்ட வேண்டும்.

சவரப் பிளேடு வகை: கரி 0.6 முதல் 0.7 சதவீதம், குரோமியம் சுமார் 13 சதவீதம். துகள்கள் மிக நுண்ணியவை. ஆகவே மெல்லிய கூரை நன்றாக ஏற்கும். சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

440சி: கரி 0.95 முதல் 1.20 சதவீதம், குரோமியம் 16 முதல் 18 சதவீதம். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் துகள்கள் பெரியவை. மழுங்கிய பிறகு வீட்டுத் தீட்டுக்கல்லில் கூர் ஏற்றுவது சிரமம். மிக மெல்லியதாகச் சீவிய வாய் பொரிந்துபோகவும் கூடும்.

டி2 என்னும் அச்சு எஃகு: கரி சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 11 முதல் 13 சதவீதம். கையால் கத்தி செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள். குரோமியத்தின் அளவைப் பார்த்து இது எவர்சில்வர் என்று எண்ணிவிடக் கூடாது. கரி மிக அதிகம் என்பதால் கடலோரத்தில் இது துருப்பிடிக்கும்.

ஒட்டுக் கட்டவும் கவாத்துக்கும் பயன்படும் மடக்குக் கத்திக்கு, கடலோர விவசாயிகள் சவரப் பிளேடு வகையைச் சேர்ந்த நடுத்தர எஃகையே கேட்டு வாங்கலாம். நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டுபவர்கள் சவரப் பிளேடை இரண்டாக ஒடித்துப் பயன்படுத்துவது உண்டு. பிளேடு மெல்லியதாக இருப்பதால் வளைகிறது. தடித்த குச்சிக்கு ஆகாது. அதே எஃகில் 2 மி.மீ. தடிமனில் அலகு செய்தால் கத்தியாகிவிடும். விலை கூடிய 440சி-யைத் தேடி அலைய வேண்டியதில்லை. தீட்டுவதற்கு எளிதான கத்தியைத்தான் விவசாயி தவறாமல் தீட்டுவார்.

உலோகம் மாறினால் உலையும் மாற வேண்டும்

நல்ல எஃகு வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி துவைச்சலில் இருக்கிறது. காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்குவதையே துவைச்சல் என்கிறோம்.

எஃகு நமக்குப் புதியதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பண்டைக்கால இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவின் மூசை எஃகை ஆங்கிலேயர் "வூட்ஸ்" என்று அழைத்தனர். லண்டனில் அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதைப் பயன்படுத்தினார். அவரும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்து, பிற உலோகங்களைச் சேர்த்துப் பார்த்து 1820-லும் 1822-லும் முடிவுகளை வெளியிட்டனர். சேர்த்துப் பார்த்த உலோகங்களில் குரோமியமும் ஒன்று.

பிறகு 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க ஆராய்ந்தபோது, சுமார் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரியும் கொண்ட எஃகை உருக்கினார். அது எளிதில் அரிக்கப்படாததைக் கண்டு கத்திக்கு ஆகும் என்று கருதினார். ஆனால் அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர்கள் பழைய எஃகைப் போலவே இதையும் காய்ச்சித் தோய்த்தபோது கத்தி சரியாக வெட்டவில்லை. இந்த எஃகுக்கு அதிக வெப்பம் வேண்டும் என்பது தெரிந்த பிறகே நல்ல கத்திகள் வந்தன.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். மாமல்லபுரத்தில் சிற்பிகளின் உளிமுனையை உலையில் காய்ச்சி, அடித்து, துவைச்சல் போட்டுக் கொடுக்கும் கைத்திறனை எல்லோரும் அறிவர். அந்த வேலையில் கண்ணே வெப்பமானி. நிறம் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது சாதாரணக் கரி எஃகுக்குப் பொருந்தும் முறை. சாதாரண எஃகு செக்கச் சிவந்து, காந்தத்தில் ஒட்டாத நிலையைச் சற்றுத் தாண்டினால் போதும். அது ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு. கத்தி எவர்சில்வருக்கோ 1,000 முதல் 1,060 டிகிரி வரை வேண்டும். அந்த வெப்பத்தில் சில நிமிடங்கள் ஒரே சீராக நிற்கவும் வேண்டும். பிறகு குளிரவைத்து, உடனே 150 முதல் 200 டிகிரியில் ஓரிரு மணி நேரம் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அலகு கண்ணாடி போல் ஒடியும். துருத்தி உலையில் இதைச் சரியாகச் செய்வது கடினம்.

ஆகவே எவர்சில்வரில் கத்தி செய்பவர்கள், தகட்டை அலகு வடிவில் அறுத்து, துளையிட்டு, மின் உலையும் வெப்பமானியும் உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கொடுத்துக் கடினமாக்கி வாங்க வேண்டும். சென்னையின் தொழிற்பேட்டைகளில் இத்தகைய பட்டறைகள் உண்டு. ஒரு கத்திக்காகப் போவது கட்டுப்படியாகாது. பத்து இருபது விவசாயிகள் சேர்ந்து ஒரே பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்தால் செலவு குறையும். ராக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை கடினம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறையில் செய்வதானால்

மேற்சொன்ன வசதி இல்லாதவர்கள் உள்ளூர்க் கொல்லரிடம் எவர்சில்வரில் செய்யச் சொல்ல வேண்டாம். லாரி வில்பட்டையில் செய்து வாங்குவதே மேல். இதில் கரி சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் உண்டு. கொல்லரின் உலைக்கும் எண்ணெய்த் துவைச்சலுக்கும் இது நன்றாக இணங்கும். அரைகுறையாகக் காய்ச்சிய எவர்சில்வரைவிட, முறையாகத் துவைச்சல் போட்ட வில்பட்டை நன்றாக வெட்டும்.

இதில் துரு வரும் என்பது உண்மை. வாழைக்காய், நெல்லிக்காய், மாங்குச்சி இவற்றை அறுத்தால் துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்து அலகு கறுக்கும். கறுப்பால் பெரிய கெடுதல் இல்லை. செந்துருவையே அஞ்ச வேண்டும். மதுராந்தகம் போன்ற உள்பகுதிகளில் தினம் துடைத்து எண்ணெய் தடவினால் இந்தக் கத்தி பல ஆண்டு உழைக்கும். கேளம்பாக்கம், செய்யூர் உப்பளங்களை ஒட்டிய ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் உள்ளவர்கள், ஒருநாள் கூடத் தவறாமல் பராமரிக்க முடியும் என்றால் மட்டும் இதை வாங்கலாம்.

காந்தமும் அரமும் போதும்

கத்தியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், வாங்கும்போது இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதலில் காந்தத்தை அலகில் வைக்க வேண்டும். ஒட்டாவிட்டால் அது பாத்திர எவர்சில்வர், வாங்க வேண்டாம். நன்றாக ஒட்டினால் மட்டும் இரண்டாவது சோதனைக்குப் போகலாம். காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் கத்தி எஃகு ஆகிவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, கூர்மையான சிறு அரத்தைக் கொண்டு, அலகின் அடிப்பாகத்தில் பிடியை ஒட்டிய இடத்தில் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அலகு மெத்தென்று இருக்கிறது, துவைச்சல் இல்லை. கடிக்காமல் வழுக்கிச் சென்றால் துவைச்சல் சரி. கடைக்காரரின் அனுமதி பெற்றே இதைச் செய்ய வேண்டும். அனுமதி தர மறுத்தால், வாங்கி ஒரு வாரத்துக்குள் கூர் மழுங்கினால் திருப்பித் தரலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

மூட்டும் பிடியும்

மடக்குக் கத்தியில் துரு முதலில் பிடிப்பது அலகில் அல்ல, மூட்டில்தான். செடியின் பாலும், மண்ணும், வியர்வையும் மூட்டில் தங்கிவிடும். ஆகவே மூட்டு ஆணியும், அலகை நிறுத்தும் முதுகு வில்லும் எவர்சில்வரில் இருக்க வேண்டும். அலகு எவர்சில்வராகவும் வில் சாதாரண இரும்பாகவும் இருக்கும் மலிவுக் கத்திகள் நம் கடற்கரையில் விரைவில் இறுகித் திறக்க வராது.

திறந்த அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் ஒட்டுச் சீவல் நேராக வராது. விரல் மீது மடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அலகு 3 அங்குல நீளம் இருந்தால் போதும். ஒட்டுக்கு மட்டும் பயன்படுத்துபவர்கள் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சாய்வாகவும் தீட்டிய அலகைக் கேட்கலாம். இடக்கைக்காரர்களுக்குச் சாய்வு மாற வேண்டும்.

பிடிக்குக் கருவேலம், புளி ஆகியவற்றின் வைரம் பாய்ந்த கட்டை நல்லது. மான் கொம்புப் பிடி வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பராமரிப்பு

எவர்சில்வர் கத்திக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று எண்ணுவது தவறு. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூட்டு உட்பட நன்றாக உலர்த்த வேண்டும். உவர்நீரில் கழுவக் கூடாது.

2. மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். விளக்கெண்ணெய் கெட்டியாகித் தூசியைப் பிடிக்கும்.

3. ஒட்டுக் கட்டுமுன் அலகை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை வெட்டில் படக் கூடாது.

4. நோய்ச் செடியை வெட்டிய கத்தியைப் பிளீச்சிங் கரைசலில் நனைத்தால், உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். பிளீச்சிங்கில் ஊறவிட்டால் எவர்சில்வரிலும் குழி விழும்.

5. தோல் உறையில் நிரந்தரமாக வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

6. தண்ணீர் விட்டுத் தீட்டுக்கல்லிலேயே தீட்ட வேண்டும். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுத்து, அலகின் வாய் சூடேறி நிறம் மாறினால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

7. ஒட்டுக் கத்தியால் கம்பி, பிளாஸ்டிக் குழாய், சாக்கு ஆகியவற்றை அறுக்கக் கூடாது. அதற்கு மலிவான 420 வகைக் கத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

8. கத்தி கையில் ஆழமாகப் பட்டால் காயத்தைச் சோப்பு நீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஜன்னி தடுப்பு ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கடலோர விவசாயிகள் 0.6 சதவீதம் கரியும் 13 சதவீதம் குரோமியமும் கொண்ட எஃகில், மின் உலையில் கடினமாக்கிய அலகும், எவர்சில்வர் ஆணியும் வில்லும் உள்ள கத்தியை வாங்கலாம். உள்பகுதி விவசாயிகளுக்கு வில்பட்டைக் கத்தியே போதும். பாத்திரத் தகட்டில் செய்த பளபளப்பான கத்தியை இருவருமே தவிர்க்க வேண்டும். அடுத்த ஒட்டுப் பருவம் தொடங்குவதற்கு முன், கையில் இருக்கும் கத்தியை ஒரு காந்தத்தாலும் ஒரு சிறு அரத்தாலும் சோதித்துப் பார்ப்பது நலம்.